அபயப் பை

இந்தியாவில் பெண்கள் பாதுகாப்பின் வரலாற்றை என்றாவது யாராவது எழுதினால், அதை இரண்டு பாகமாகத்தான் பிரிக்க முடியும். ஏரிமுனை நகர் குடியிருப்போர் நலச் சங்கம் பை கொடுப்பதற்கு முன். பை கொடுத்ததற்குப் பின். இதைத் தற்பெருமை என்று எண்ண வேண்டாம். நான் பால்ராஜ், அச்சங்கத்தின் செயலாளர். முப்பத்து நான்கு வருடம் அரசாங்கக் கோப்பு எழுதி ஓய்வு பெற்றவன். எனக்குப் பெருமை என்று ஏதாவது இருந்தால் அது என் கையெழுத்தைப் பற்றி மட்டும்தான்.

எங்கள் நகர் அயனம்பாக்கம் ஏரியை ஒட்டி இருக்கிறது. பஸ் நிறுத்தத்திலிருந்து உள்ளே வரும் வழியில் ஒரு திருப்பம் உண்டு. அங்கே விளக்குக் கம்பம் உண்டு, விளக்கு கிடையாது. கம்பத்தடியில் மாலை ஏழு மணி வாக்கில் பைக்கைச் சாய்த்து நிறுத்திக்கொண்டு ஒருவர் நிற்பார்.

போன ஜூன் மாதச் செயற்குழுக் கூட்டத்துக்கு ரெனிதா என்ற பெண் வந்தாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கும் வேலை. வயது இருபத்தைந்து இருக்கும்.

"சார், மூணு மாசமா ஒரு ஆளு பின்னாடியே வந்துகினு கீறாரு. நேத்து கையப் புடிச்சி இழுத்துட்டாரு. பேரு சொல்லட்டா?"

சொன்னாள். உலகநாதன். எங்கள் தலைவரின் மைத்துனர். தலைவர் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். பொருளாளர் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்து, அது உடைந்து உள்ளே விழுவதைக் கவலையோடு கவனித்தார். ரெனிதாவுக்குக் காதில் விழவில்லையோ என்று தோன்றியிருக்க வேண்டும்; இன்னொரு முறை சொன்னாள்.

பதறாமல் பதிவு செய்வதே நிர்வாகிக்கு அழகு. நான் தீர்மானப் புத்தகத்தில் பதிவு செய்தேன்: 'பொருள் 4. தெருநாய் மற்றும் இதர தொல்லைகள். ஓர் உறுப்பினர், பெயர் குறிப்பிட்டு, இதர தொல்லை ஒன்று குறித்துத் தெரிவித்தார். கவனத்தில் கொள்ளப்பட்டது.' அந்தப் பெயரை மட்டும் எழுதவில்லை. தீர்மானப் புத்தகத்தில் ஏறிய பெயர் நூறு வருடம் நிற்கும். உலகநாதனுக்கோ அப்போது பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்காக நாங்கள் சும்மா இருந்துவிடவில்லை. அடுத்த வாரமே 'மகளிர் தற்காப்புத் துணைக்குழு' அமைத்தோம். ஐந்து பேர், ஐவரும் ஆண்கள். அமைப்பாளராக உலகநாதனையே நியமித்தோம். "பொறுப்பக் குடுத்தா பையன் திருந்திடுவான், செயலாளரே" என்றார் தலைவர். யோசித்துப் பார்த்தால் அந்தத் திருப்பத்தைப் பற்றி அவரளவுக்குக் கள அனுபவம் உள்ளவர் எங்கள் நகரில் வேறு யாரும் இல்லை.

துணைக்குழு ஏழு முறை கூடியது. விளக்குப் போடலாமா என்ற கேள்வி எழுந்தது. விளக்கு ஓரிடத்தில்தான் எரியும், பையோ பெண் போகும் இடமெல்லாம் போகும் என்று முடிவாயிற்று. இப்படிப் பிறந்ததுதான் 'அபயப் பை'. மிளகு ஸ்ப்ரே ஒன்று, விசில் ஒன்று, கோணி ஊசி ஒன்று, மிளகாய்த்தூள் பொட்டலம் ஒன்று. கூடவே நான் எழுதிய இருபது பக்கக் கையேடு. அதன் முதல் விதி: 'தலையைக் குனிந்து வேகமாக நடக்கவும்.' அச்சகத்தார் ஒரு துணைக்காலைக் கூடுதலாகச் சேர்த்ததால் எல்லாப் பைகளிலும் 'அபாயப் பை' என்று விழுந்துவிட்டது. கறுப்பு மையால் அந்தக் காலை அழித்து விநியோகித்தோம். முதல் பையை ரெனிதாவுக்கு உலகநாதனே தம் கையால் வழங்கினார். புகைப்படம் எடுத்தோம். அதில் ரெனிதா மட்டும் சிரிக்கவில்லை.

இந்தச் சாதனை வெளியே தெரியாமல் போகுமா? ஹைதராபாத்தில் 'தென்னக முன்மாதிரிக் குடியிருப்புகள் பேரவை' எங்களுக்கு விருது அறிவித்தது. ஒரே நிபந்தனை, 'பயனாளி' ஒருவரை மேடைக்கு அழைத்து வர வேண்டும்.

ரெனிதாவிடம் நானே போய்க் கேட்டேன்.

"மேடையில ரெண்டு நிமிசம் பேச வுடுவீங்களா, சார்?"

"தாராளமா."

"கூட யாரு வர்றது?"

"தலைவரும் நானும்தான்மா."

அன்றைக்கு அது உண்மை. புறப்பட வேண்டிய நாள் காலையில் தலைவருக்கு ரத்த அழுத்தம் ஏறிவிட்டது. அவருக்குப் பதிலாக மீனம்பாக்கம் விமான நிலைய வாசலில் புது டிக்கெட்டும் கறுப்புக் கண்ணாடியுமாக நின்றவர் உலகநாதன். ரெனிதா அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"பரவால்ல சார்," என்றாள், தோளில் தொங்கிய பையை அழுத்திப் பிடித்துக்கொண்டு. "பை கீதுல்ல."

ஒரு திட்டத்தின் மீது பயனாளிக்கு இவ்வளவு நம்பிக்கை இருந்து நான் என் பணிக்காலத்தில் பார்த்ததே இல்லை. கண் கலங்கிவிட்டேன்.

சோதனை வரிசையில் முதலில் மாட்டியது நான். கண்காட்சிக்கு வைக்க ஐந்து மாதிரிப் பைகளை எடுத்துப் போயிருந்தேன். என் பெட்டி எக்ஸ்ரே கருவிக்குள் போயிற்று. திரும்பி வந்து இன்னொரு முறை போயிற்று. வனஜா என்று பெயர்ப்பட்டை குத்திய பெண் அதிகாரி பெட்டியைத் திறந்தார்.

"ஸ்ப்ரே அஞ்சு. ஊசி அஞ்சு. மிளகாய்த்தூள் அஞ்சு." தட்டில் வரிசையாக அடுக்கினார். "பை மேல என்ன சார் எழுதியிருக்கு? அபாயப் பையா?"

அவசரத்தில் மாதிரிப் பைகளில் கால் அழிக்க மறந்திருந்தோம்.

"அது அச்சுப் பிழை, மேடம். அபயம். அதாவது, பயப்படாதே என்று அர்த்தம்."

"நான் பயப்படல சார். நீங்க தள்ளி நில்லுங்க."

அடுத்தது உலகநாதன். பெல்ட்டைக் கழற்றினார், கைகளை விரித்தார், வாசலைக் கடந்தார். இயந்திரம் முணுமுணுக்கக்கூட இல்லை. இவ்வளவு சுத்தமான பயணியை அந்த இயந்திரம் அன்று பார்த்திருக்காது.

பிறகு ரெனிதாவின் பை. ஸ்ப்ரே ஒன்று, ஊசி ஒன்று, தூள் ஒன்று. விசிலை மட்டும் அதிகாரி திருப்பிக் கொடுத்தார்.

"மேடம், அத எடுத்துக்காதீங்க. அது இல்லாம நான் கடைக்குக்கூடப் போறதில்ல."

"விமானத்துக்குள்ள இதெல்லாம் கொண்டுபோகக் கூடாதும்மா. உள்ள போற எல்லாரையும் சோதிச்சுத்தான் அனுப்புறோம். அங்க உனக்கு யார்கிட்ட பயம்?"

ரெனிதா கையை நீட்டினாள்.

"அதோ பெல்ட்ட மாட்டிகினு கீறாரே, அவருகிட்ட. பக்கத்து சீட்டு அவருதான்."

இருபுறமும் ஆண் துணை இருக்கட்டும் என்று நடு இருக்கையை அவளுக்குப் பதிவு செய்தவன் நான்தான். அதிகாரி என் பக்கம் திரும்பினார்.

"யாரு சார் இவரு?"

அரசுப் பணியில் கற்ற பாடம், கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்வது. "மகளிர் தற்காப்புத் துணைக்குழு அமைப்பாளர், மேடம்" என்றேன்.

உலகநாதன் சிரித்துக்கொண்டே வந்தார். "இன்னா மேடம், பொண்ணு தமாசுக்கு சொல்லுது. நம்ம ஊட்டுப் பொண்ணு மாதிரி."

"நீங்க கொஞ்சம் பேசாம இருங்க. புகார் குடுத்திருக்கியாம்மா?"

"குடுத்துகீறேன் மேடம். இந்த சார்தான் எழுதினாரு. அந்தப் புக்கு அவரு கையிலதான் கீது."

விருதுக் குழுவிடம் காட்டத் தீர்மானப் புத்தகத்தையும் கொண்டுபோயிருந்தேன். அதிகாரி படிக்கச் சொன்னார். நான் தெளிவாக, நிறுத்தற்குறிகளுக்கு உரிய மரியாதை கொடுத்துப் படித்தேன். தெருநாய் வந்ததும் ரெனிதா தலையைத் தூக்கினாள்.

"நாயா?" என்றாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும். "ரெண்டு தபா பேரு சொன்னேனே சார். நீ தலைய ஆட்டிகினே எழுதுனியே."

இத்தனை மாதத்தில் அவள் என்னை 'நீ' என்றது அதுவே முதல் முறை.

அதிகாரி வனஜா வேறு இருக்கை வாங்கித் தருவதாகச் சொன்னார். ரெனிதா வேண்டாம் என்றாள். "நான் மேடையில பேசத்தான் வந்தேன் மேடம். இவங்களோட ஏறி இன்னான்னு பேசுறது? ஸ்டேசன்லயே பேசிக்கிறேன்." என் கையிலிருந்த புத்தகத்தை எடுத்துக்கொண்டாள். சங்கத்தின் ஆவணத்தை வெளியே கொண்டுபோவதற்கு ரசீது தர வேண்டும் என்ற விதியை நினைவுபடுத்தினேன். அவள் ஒரு பெண் காவலரோடு வெளியே நடந்தாள். தலையைக் குனியவில்லை. என் கையேட்டின் முதல் விதியே போயிற்று.

நாங்கள் இருவரும் பறந்தோம். நடு இருக்கையில் உலகநாதன் தம் தொப்பியை வைத்துக்கொண்டார். மேடையில் 'பயனாளி உடல்நலக் குறைவால் வர இயலவில்லை' என்று அறிவித்தேன், கைதட்டினார்கள். கேடயம் பார்ப்பதைவிடக் கனமாக இருந்தது.

மறுநாள் மதியம் வீடு திரும்பியதும் மகளிர் காவல் நிலையத்திலிருந்து அழைப்பு. நான் போனபோது உலகநாதனை ஏற்கெனவே சுவரோரப் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். இன்ஸ்பெக்டர் சாமுண்டீஸ்வரி மரியாதையாக எனக்கு எதிர் நாற்காலியைக் காட்டினார். மேசை மேல் எங்கள் தீர்மானப் புத்தகம் விரிந்து கிடந்தது. ஜன்னல் பக்கம் ரெனிதா நின்றிருந்தாள்.

"கையெழுத்து முத்து முத்தா இருக்கு சார்."

நன்றி சொன்னேன்.

"'பெயர் குறிப்பிட்டு'னு எழுதியிருக்கீங்க. ரொம்ப நல்லதாப் போச்சு. அந்தப் பொண்ணு அன்னிக்கு என்ன பேரு சொல்லுச்சு? அத மட்டும் சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

ஒரே ஒரு சொல். நாக்கு நுனியில்தான் இருந்தது. பெஞ்சிலிருந்து உலகநாதன் என்னைப் பார்த்தார். ரெனிதாவும் பார்த்தாள். எனக்குத் தலைவரின் ரத்த அழுத்தம் நினைவுக்கு வந்தது; வரப்போகும் சங்கத் தேர்தல் நினைவுக்கு வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"செயற்குழுவைக் கூட்டி, விவாதித்து, எழுத்து மூலம் தெரிவிக்கிறேன், மேடம்."

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார்.

"எந்திரிங்க சார். இது சாட்சிங்க உக்கார்ற நாற்காலி. நீங்க அந்தப் பெஞ்சுக்குப் போங்க."

உலகநாதன் மரியாதை தெரிந்தவர். நகர்ந்து உட்கார்ந்து, எனக்கு இடம் கொடுத்தார்.