எர்த் கேபிள்

கார் ரேடியோ மறுபடியும் மலாயில் பாடியது.

தங்கராஜு பல்லைக் கடித்தார். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பாட்டில் வைத்துவிட்டுத்தான் வண்டியைப் பூட்டுவார். அடுத்த ஞாயிறு வந்து சாவியைத் திருகினால் மலாய்ப் பாட்டு. பட்டனை அமுக்கினால் திரும்புகிற பக்கக் கண்ணாடிகள் இரண்டும் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கும். பெட்ரோல் முள் தன் இஷ்டத்துக்கு எங்காவது நிற்கும்.

வார நாட்களில் அவர் துவாஸ் வேலைக்குப் போவது கம்பெனி பஸ்ஸில். குவீன்ஸ்டவுன் பலமாடி நிறுத்துமிடத்தில் ஓய்வெடுக்கும் கார், ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும்தான். அதை வேறு யாரும் தொடக்கூடாது என்பது வாங்கிய அன்றே போட்ட சட்டம். கமலா கதவைக் கொஞ்சம் பலமாகச் சாத்தினாலே அவருக்கு நெஞ்சு வலிக்கும்.

"மாப்ள, வண்டிக்கு மறதி வந்துடுச்சு லா," என்றார் கமலாவின் அண்ணன் ரமணன். ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு வந்தவர், தங்கராஜு புலம்பியதைக் கேட்டுக்கொண்டே இரண்டாவது முறை ரசம் ஊற்றிக்கொண்டார். "இந்த மாசத்தோட வண்டியோட சிஓஇ பர்மிட் முடியுது. புதுப்பிச்சு என்ன செய்யப் போறீங்க? ஸ்கிராப்புக்குக் கொடுத்துட்டு நிம்மதியா எம்ஆர்டி ரயில்ல போங்க."

"வண்டிக்கு ஒண்ணுமில்ல மச்சான். எர்த் சரியில்ல."

"எர்த்தா?"

தங்கராஜு மூன்று நாள் இணையத்தில் மூழ்கி எழுந்திருந்தார். பேட்டரியிலிருந்து கிளம்பும் மின்சாரம் காரின் உடம்பு வழியாகத்தான் வீடு திரும்ப வேண்டும். திரும்பும் பாதைதான் எர்த். பாதை கெட்டால் முள் பொய் சொல்லும், ரேடியோ தடுமாறும், கண்ணாடி தலை குனியும். இதற்கு மருந்து, தடிமனான செம்புக் கேபிள். அதையும் கடையில் வாங்காமல் கையால் செய்து மாட்டினால் அமோகம் என்று முகம் தெரியாத பல பேர் சத்தியம் செய்திருந்தார்கள்.

"சரி," என்றார் ரமணன். "மாசக் கடைசி சனிக்கிழமை உங்க பொண்ணு தாரணி மெல்பர்ன்லேருந்து வர்றா. இந்த வண்டியிலயே சாங்கி ஏர்போர்ட் போய், வழியில நிக்காம கூட்டிட்டு வந்துடுங்க. நான் வாயே திறக்க மாட்டேன். நின்னுச்சு, திங்கக்கிழமையே ஸ்கிராப். சரியா?"

ரோஷத்தில் தங்கராஜு 'சரி' என்றுவிட்டார்.

அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சே பேசாத கமலா அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள்.

"அண்ணே, வண்டியக் கொடுக்கக் கூடாது. இவரு சரி பண்ணிடுவாரு."

தங்கராஜுவுக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் சாமர்த்தியத்தை அவள் இப்படி நம்பிச் சொன்னதே இல்லை. அந்த நிமிஷம் முடிவு செய்தார். உயிரே போனாலும் கேபிள் போட்டே தீருவது.

அன்று மாலையே லிட்டில் இந்தியாவில் அப்துல் அலீமின் ஹார்டுவேர் கடையில் நின்றார். தடித்த செம்புக் கேபிள், அதன் முனையில் மாட்டி போல்ட்டில் இறுக்குவதற்கான 'லக்' என்ற செம்பு வளையங்கள், சூடு காட்டினால் சுருங்கிப் பிடித்துக்கொள்ளும் கறுப்பு உறை, எல்லாம் வாங்கினார்.

"லக்கை நசுக்கிப் பிடிக்க ஒரு கருவி வேணுமே தம்பி? இரவல் வேணா தரேன்," என்றார் அலீம்.

"வேணாம் பாய். வீட்டுல சுத்தியல் இருக்கு."

சுத்தியல் இருந்தது. அடியில் வைக்கத்தான் ஒன்றுமில்லை. கமலாவின் இடிகல்லைக் கவிழ்த்துப் போட்டு அடித்ததில் லக் தட்டையானது, இடிகல் இரண்டானது. உறையைச் சுருக்க முடி உலர்த்தும் கருவியைப் பிடித்தார். உறை பாதி சுருங்கியபோது கருவி புகைவிட்டு ஓய்ந்தது.

"பரவாயில்லங்க," என்றாள் கமலா. "வண்டி சரியானா போதும்."

பேட்டரியிலிருந்து காரின் உடம்புக்குக் கேபிள் ஏறியது. அடுத்த ஞாயிறு ஆசையோடு சாவியைத் திருகினார். மலாய்ப் பாட்டுதான் வந்தது.

ஒன்று போதவில்லை போலிருக்கிறது என்று மேலும் மூன்று செய்தார். மாட்ட போல்ட் கிடைக்கவில்லை. இஞ்சினுக்கும் உடம்புக்கும் நடுவே அழுக்கும் எண்ணெயுமாகப் பழைய கேபிள் ஒன்று இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. அதைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டுத் தன் கேபிளை அங்கே மாட்டினார். வண்டி ஒரு முக்கு முக்கிவிட்டு ஸ்டார்ட் ஆனது. அது போதும் என்று பூட்டிவிட்டு வந்தார்.

அந்த வாரம் மின்தூக்கியில் எதிர்வீட்டு பதுருன்னிசா பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, வண்டி எப்ப முழுசா சரியாகும்? எனக்கு மனசே சரியில்ல."

அடுக்குமாடி புளோக்கே தன் காருக்காகக் கவலைப்படுகிறது என்று தங்கராஜுவுக்கு நெகிழ்ந்துவிட்டது.

மூன்றாவது ஞாயிறு கமலாவோடு தேக்கா சந்தைக்குக் கிளம்பினார். இடது சிக்னல் போட்டார். பளீரென்று வெயிலடிக்கும் தெருவில் வைப்பர் விர்ரென்று ஓடியது. பதறிப்போய் பிரேக்கை மிதித்தார். ஹாரன் அலறியது. முன்னால் போன பேருந்தின் ஓட்டுநர் கையை வெளியே நீட்டிக் காட்டிய சைகை, தமிழர் சைகையில்லை என்றாலும் நன்றாகப் புரிந்தது.

கமலா துளிக்கூட பதறவில்லை.

"பயப்படாதீங்க. வலது சிக்னலுக்கு ஒண்ணும் ஆகாது."

வலது சிக்னலைப் போட்டார். ஒன்றும் ஆகவில்லை.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தோணுச்சு," என்று கமலா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பத்தினி வாக்கு பலிக்கிறது என்று நினைத்துக்கொண்டார் தங்கராஜு. வலப்பக்கமாகவே திரும்பித் திரும்பி, அரைத் தீவைச் சுற்றி வீடு வந்து சேர்ந்தார்கள். காய்கறி வாங்கவில்லை.

விஷயம் எப்படியோ ரமணன் காதுக்குப் போனது. போனில் சிரித்துவிட்டுத்தான் பேசினார்.

"மாப்ள, ஸ்கிராப்காரன் நம்பர் அனுப்பியிருக்கேன்."

தங்கராஜு போனை வைத்தார். சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு நிறுத்துமிடத்துக்கு இறங்கினார். நான்கு கேபிளையும் பிடுங்கினார். பையில் போட்டிருந்த அந்த அழுக்குக் கேபிளை எடுத்துத் துடைத்துப் பார்த்தார். அதன் லக் உட்கார்ந்திருந்த இடம் வெறும் உலோகமாகப் பளபளத்தது. பழையதன் இடத்தில் மாட்டிய தன் கேபிள், சுத்தியலடியில் தட்டையான லக்குக்குள் ஆடியது; மற்ற மூன்றும் உட்கார்ந்திருந்த இடங்களில் அழகான வெள்ளைப் பெயின்ட்.

பெயின்டில் மின்சாரம் எப்படிப் பாயும்? தலையில் ஓங்கி அடித்துக்கொண்டார். வலித்தது, ஆனால் சந்தோஷமாக இருந்தது.

சட்டையை மாட்டிக்கொண்டு நேராக அலீம் கடைக்கு ஓடி, "பாய், அந்தக் கருவி," என்றார்.

இந்த முறை கேபிளை அளந்து வெட்டினார். ஒரு இழைகூட அறுபடாமல் தோலுரித்தார். கருவியால் லக்கை நறுக்கென்று நசுக்கினார். உறை எலும்பைப் பிடித்த தோல்போலச் சுருங்கிக்கொண்டது. பெயின்டைச் சுரண்டி உலோகம் மின்னும்வரை தேய்த்துவிட்டு இறுக்கினார். பழைய கேபிளும் மரியாதையாகத் தன் இடத்துக்குத் திரும்பியது. வைப்பர் அடங்கியது, ஹாரன் வாயை மூடியது. தன் கையால் செய்த ஒரு பொருள் உருப்படியாக வந்திருப்பதைப் பார்த்து அவர் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்.

எண்ணெய் படிந்த கையோடு வீட்டுக்கு வந்தவர் சாவியை ஆணியில் மாட்டாமல் பையில் போட்டுக்கொண்டார். இருப்பது அந்த ஒரே சாவி.

"சனிக்கிழமை வரைக்கும் இது என்கிட்டயே இருக்கட்டும். உங்கண்ணன் ஸ்கிராப்காரனக் கூட்டிட்டு வந்து திறந்து காட்டினாலும் காட்டுவாரு."

"வாரம் முழுக்கவா?" என்றாள் கமலா. முகம் வாடிவிட்டது.

அண்ணனைச் சொன்னதில் வருத்தம் என்று நினைத்து அவர் அடுத்த நாள் மல்லிகைப்பூ வாங்கிவந்தார். ஆனாலும் அவள் முகம் தெளியவில்லை.

சனிக்கிழமை மாலை. கடவுளை வேண்டிக்கொண்டு சாவியைத் திருகினார். முதல் திருகிலேயே இஞ்சின் உறுமியது. ரேடியோ தமிழில் பாடியது! கண்ணாடிகள் வைத்தபடியே நிமிர்ந்து நின்றன. பெட்ரோல் முள் போன ஞாயிறு விட்ட இடத்தைவிட்டு மயிரிழைகூட நகரவில்லை.

"பாத்தியா கமலா! அத்தனையும் எர்த்துதான்!"

"ஆமாங்க," என்றாள் கமலா, மெல்ல.

சாங்கி வரை வண்டி தண்ணீரில் போகிற தோணியாகப் போனது. தாரணி பெட்டிகளோடு ஏறினாள். தங்கராஜு விமான நிலையத்திலிருந்தே ரமணனைக் கூப்பிட்டு, இஞ்சின் சத்தத்தை ஒரு நிமிஷம் கேட்கவைத்தார்.

"சரி சரி, வண்டி உங்களோடது. சிஓஇயப் புதுப்பிச்சுக்குங்க," என்று ரமணன் தோல்வியை ஒத்துக்கொண்டார்.

"அப்பா, பசிக்குதுப்பா," என்றாள் தாரணி. "சாங்கி வில்லேஜ்ல நாசி லெமாக் சாப்பிடலாமா? எவ்வளவு நாளாச்சு!"

"வேணாம்டி," என்று கமலா குறுக்கே விழுந்தாள். "வீட்டுல மீன் குழம்பு இருக்கு. நேரா வீட்டுக்குப் போயிடலாங்க."

"புள்ள ஆசையா கேக்குது. வெற்றியக் கொண்டாட வேணாமா?"

உணவங்காடிக்கு எதிரிலேயே இடம் கிடைத்தது. ஒரே திருப்பில் கச்சிதமாக நிறுத்தினார். இறங்கி பானட்டைப் பாசத்தோடு தட்டிக்கொடுத்தார். கமலா மட்டும் இறங்காமல், துப்பட்டாவை முகத்துக்கு இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தாரணி கையைப் பிடித்து இழுத்துவந்தாள்.

மூவரும் உட்கார்ந்ததுமே டீக்கடை ரியாஸ் தட்டோடு வந்துவிட்டார். யாரும் எதுவும் சொல்வதற்கு முன்பே, சீனி குறைத்த டீ ஒன்றைக் கமலா முன்னால் வைத்தார். காரைப் பார்த்தார், தங்கராஜுவை மேலும் கீழும் பார்த்தார், பிறகு கமலாவிடம் குனிந்து உரிமையோடு கேட்டார்:

"என்னக்கா, ஒரு வாரமா உங்களையும் பதுருன்னிசா அக்காவையும் காணோம்? எப்பவும் நீங்கதானே இந்த வண்டிய ஓட்டிட்டு வருவீங்க, இன்னிக்கு டிரைவர் வச்சுட்டீங்களா?"