மாமாவின் இதயத்துக்கு இரண்டு மார்க்

பள்ளி, கல்லூரி எல்லாம் சேர்த்து நான் ஒரு முறைகூடக் காப்பி அடித்ததில்லை. பக்கத்துப் பெண் என் பேப்பரைப் பார்த்துவிடுவாளோ என்று இடது கையை வேலி போல வளைத்து வைத்துக்கொண்டு எழுதிய ரகம். அப்படிப்பட்டவள் முப்பத்தொரு வயதில், ஒரு குழந்தைக்குத் தாயான பிறகு, தேர்வு முறைகேட்டில் பிடிபட்டேன். அதுவும் என் பரீட்சையில் இல்லை. என் மாமனாரின் இதயம் எழுதிய பரீட்சையில்.

மாமா தாம்பரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்தி நாலு மார்க் வாங்கிய பையனின் அப்பா வீட்டுக்கே வந்து கெஞ்சினாலும், "முப்பத்தி நாலு முப்பத்தஞ்சு ஆகாதுங்க. ஆச்சுன்னா நான் இத்தனை வருஷம் நடத்தின கணக்கெல்லாம் பொய்" என்று சொல்லி, காபி கொடுத்து அனுப்பிவிடுவாராம். (காபியில் சர்க்கரை மட்டும் தாராளமாம்.)

இந்த மனிதருக்குத்தான் போன வருடம் மாரடைப்பு வந்தது. அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் எக்கோ எடுத்தார்கள். இதயம் தன்னிடம் நிரம்பும் ரத்தத்தில் எவ்வளவை ஒவ்வொரு துடிப்பிலும் வெளியே தள்ளுகிறது என்று அதில் தெரியுமாம்.

"உங்களுக்கு இப்ப நூத்துக்கு முப்பத்தி நாலு, சார்" என்றார் டாக்டர்.

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு ரிப்போர்ட்டைப் பார்த்தார். துடைத்த பிறகும் முப்பத்தி நாலுதான்.

"எவ்வளவு வாங்கணும் டாக்டர்?"

"நூறு யாருக்கும் வராது. அம்பத்தஞ்சு, அறுபது வந்தாலே நல்ல ஹார்ட்."

"ஸ்டேட் ஃபர்ஸ்டே அறுபதுதானா?" என்றார் மாமா. பாடத்திட்டத்தின் தரத்தைப் பற்றிய கவலை அவர் குரலில் தெரிந்தது.

டாக்டர் சிரிக்கவில்லை. அடிபட்ட தசையில் ஒரு பகுதி மெல்ல மெல்லத் தேறிவரும் என்றார். மூன்று மாதம் மாத்திரை, நடை, உப்பு குறைந்த சாப்பாடு. பிறகு மறுபடி எக்கோ. அப்போதும் முப்பத்தைந்தைத் தாண்டவில்லை என்றால் நெஞ்சில் ஒரு சின்னக் கருவி வைக்க வேண்டியிருக்கும். துடிப்பு திடீரென்று தாறுமாறானால் அது அதிர்ச்சி கொடுத்து உயிரைக் காப்பாற்றும்.

(முப்பத்தைந்து! உலகத்தில் எத்தனையோ எண் இருக்க, இதய டாக்டர்களும் நம்ம ஊர் பாஸ் மார்க்கையேதான் பிடித்துக்கொள்ள வேண்டுமா?)

அன்றிலிருந்து மாமா ஃபெயிலான மாணவர் ஆகிவிட்டார். ஓய்வு பெற்ற வாத்தியார்கள் கூடும் மாலைக் கூட்டத்துக்குப் போவதை நிறுத்தினார். யாராவது போன் செய்து நலம் விசாரித்தால், "ஒரு மார்க்ல போயிடுச்சு" என்பார். என் மாமியார் இறந்து நான்கு வருடம் ஆகிறது. கணவர் டேனியல் மறைமலை நகரில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறார். விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ் வந்துவிடும். ஆகவே டியூஷன் டீச்சர் வேலை என் தலையில் விழுந்தது.

ஃப்ரிட்ஜ் கதவில் கால அட்டவணை ஒட்டினேன். முதல் வாரம் ஐந்து நிமிட நடை, அடுத்த வாரம் பத்து. முடிச்சூரில் எங்கள் தெருவில் மாமா முன்னால் நடப்பார். பின்னால் நான்: ஒரு கையில் தண்ணீர் பாட்டில், மறு கையில் யு.கே.ஜி. படிக்கும் மகள் மிரியம், தோள்பையில் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை. அபார்ட்மென்ட் செக்யூரிட்டி எழுந்து நின்று எங்களுக்கு சல்யூட் அடிப்பார். மாமா வேகமாக நடந்தால் இதயத்துக்கு ஆபத்தோ என்று பயந்தேன். மெதுவாக நடந்தால் மார்க் ஏறாதோ என்று பயந்தேன். நின்றால் இரண்டுக்கும் சேர்த்துப் பயந்தேன்.

என் உப்பில்லாச் சாம்பாரை மாமா இரண்டு கரண்டி ஊற்றிக்கொண்டு சொன்னார்: "வெள்ளைப் பேப்பரை மடிச்சுக் குடுத்துட்டுப் போற பசங்களைப் பார்த்திருக்கேன் ஜெனி. இப்பதான் சாப்பிடுறேன்."

அப்படியாவது பேசிக்கொண்டிருந்தவர், இரண்டாவது எக்கோவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அதையும் நிறுத்திவிட்டார். சாப்பாடு பாதியாகக் குறைந்தது. ஒரு நாள் மாத்திரையை வாங்கி விழுங்கிவிட்டு, டம்ளரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "மறுபடியும் முப்பத்தி நாலுன்னா என்னம்மா பண்றது?"

கல்யாணமாகி ஏழு வருடத்தில், விடை தெரியாத ஒரு கேள்வியை மாமா என்னிடம் கேட்டது அன்றுதான். அதுவரை எல்லாம் விடை தெரிந்துகொண்டே கேட்ட கேள்விகள். "வராது மாமா" என்றேன். அடுத்த ஆறு நாளும், வந்துவிட்டால் அந்த எண்ணைப் பார்த்த அதிர்ச்சியிலேயே இவருக்கு இரண்டாவது அட்டாக் வருமே என்று மட்டும்தான் யோசித்தேன்.

எக்கோ நாள் வந்தது. டேனியலுக்கு லீவு கிடைக்கவில்லை. மிரியமைப் பள்ளியில் விட்டுவிட்டு மாமாவும் நானும் ஆட்டோவில் போனோம். எக்கோ எடுக்கும் பெண்ணின் பெயர் சங்கீதா. சின்னப் பெண், வாயில் எப்போதும் ஒரு சிரிப்பு.

"தாத்தா ஸ்கிரீனுக்குப் பின்னாடி சட்டையைக் கழட்டிக்கினு இருக்காரு. நீங்க வெளிய உக்காருங்கக்கா."

நான் உட்காரப் போகவில்லை. அவளை மிஷின் பக்கம் இழுத்தேன்.

"ஒரே ஒரு விஷயம்மா. ரொம்பக் கம்மியா வந்தா, ஒரு ரெண்டு மார்க் கூட்டிப் போட முடியுமா?"

"இன்னாக்கா?"

"முப்பத்தி நாலு வந்தா முப்பத்தாறு. அவ்ளோதான். அதுக்கு மேல வேணாம்." (பேராசைக்காரி என்று நினைத்துவிடக் கூடாதே!)

"அக்கா, இது ஹார்ட்டுக்கா. இதுல போயி..."

"தெரியும்மா. ஆனா அவர் மனசு உடைஞ்சிடும். மனசு உடைஞ்சா ஹார்ட் என்னத்துக்கு ஆகும், நீயே சொல்லு."

நான் கிசுகிசுப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். திரைக்குப் பின்னாலிருந்து, எத்தனையோ தேர்வு அறைகளை நடுங்கவைத்த குரல் வந்தது.

"யாரது, ஹால்ல பேச்சு?"

திரை விலகியது. சட்டையில்லாமல், தோளில் துண்டோடு மாமா நின்றார். வகுப்பில் நான் அவரிடம் படித்ததில்லை. ஆனாலும் என் கைகள் தாமாகவே கட்டிக்கொண்டன.

"வெளிய போ, ஜெனி."

போனேன். இருபது நிமிடம் கழித்து சங்கீதா ரிப்போர்ட்டை நீட்டினாள். ஐம்பத்திரண்டு. மூன்று தடவை படித்தேன். தலைகீழாக இல்லையே என்றுகூடப் பார்த்தேன். பிறகு நான் போட்ட சத்தத்தில், வரிசையில் காத்திருந்த இதய நோயாளிகள் அத்தனை பேரும் நெஞ்சில் கை வைத்தார்கள்.

மாமா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தார். எண்ணைப் பார்த்தார். தாளை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"செல்லாது."

"மாமா, நிஜமாவே..."

"நீ கேட்டது ரெண்டு. அந்தப் பொண்ணு பதினெட்டு போட்டிருக்கு. தாராள மனசு."

"ஐயோ தாத்தா, எங்க அம்மா மேல சத்தியமா நான் ஒண்ணுமே பண்ல!" சங்கீதாவின் சிரிப்பு காணாமல் போயிருந்தது. "இந்த அக்காவால என் வேலைக்கே வேட்டு வெச்சிடுவீங்க போலக்கீதே!"

மாமா நேராக டாக்டர் அறைக்குப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"டாக்டர், இந்தப் பேப்பர்ல முறைகேடு நடந்திருக்கு. செஞ்ச ஆள் இதோ நிக்குது. அந்த எக்கோ பொண்ணு மேல தப்பு இருக்கா இல்லையான்னு நீங்களே விசாரிங்க."

டாக்டர் முழுவதையும் கேட்டார். பேனாவை மூடி வைத்தார். என்னைப் பார்த்து மெதுவாகத்தான் பேசினார்.

"நிஜமாவே முப்பத்தி நாலு வந்து, அந்தப் பொண்ணும் நீங்க சொன்னபடி முப்பத்தாறுன்னு எழுதியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சீங்களா? கருவி வேணாம்னு சொல்லி நான் அவரை வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்."

மூன்று மாதம் உப்பை எண்ணி எண்ணிப் போட்டவள் நான். மாமா ஒரு இருமல் இருமினால் போனில் பத்துப் பக்கம் தேடிப் படித்தவள். இந்த ஒன்றை மட்டும் யோசிக்கவேயில்லை. டாக்டரின் மேசைக்குக் கீழே இருந்த குப்பைத்தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதில் எனக்கு இடம் இருந்தது.

டாக்டர் தானே மறுபடி எக்கோ எடுக்க ஒப்புக்கொண்டார். மாமா ஒரு நிபந்தனை போட்டார்: "இவ இந்த மாடியிலயே இருக்கக் கூடாது."

கீழே போய், டூவீலர்களுக்கு நடுவில் நின்றுகொண்டு டேனியலுக்குப் போன் செய்து அழுதேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ரிப்போர்ட்ல நம்பரை மாத்தச் சொன்னியா? எங்க கம்பெனியில இதுக்கு சஸ்பென்ஷன்டி" என்றார். (ஆறுதலாம்!)

கடைசியில் மாமா படியிறங்கி வந்தார். கைப்பிடியைப் பிடிக்காமல் இறங்கினார். முகத்தில், மாரடைப்புக்குப் பிறகு நான் பார்த்தேயிராத வெளிச்சம்.

"அம்பது" என்றார். "டாக்டரே போட்டது. கருவி வேணாம்னுட்டார்."

"தேங்க் காட், மாமா!"

"அது இருக்கட்டும். அம்பத்திரெண்டுல அம்பது போனா எவ்வளவு?"

"...ரெண்டு."

"கரெக்டா நீ கேட்ட ரெண்டு!"

ஆள் மாறி அளந்தால் இரண்டு, மூன்று முன்னே பின்னே வருவது சகஜம் என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார். சங்கீதாவிடம், "உன் மேல தப்பில்லம்மா" என்று மாமாவே சொல்லிவிட்டும் வந்திருக்கிறார். ஆனால் கையில் சிக்கிய மருமகளை விடுவதற்கு அவருக்கு மனம் வரவில்லை.

ஆட்டோவில் ரிப்போர்ட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கொஞ்ச தூரம் போனதும் தொண்டையைச் செருமினார்.

"செகண்ட் கிளாஸ்ல பாஸ் பண்ணியிருக்கேன். இன்னைக்கு ஒரு நாள் சாம்பார்ல அரை ஸ்பூன் உப்பு, கருணை அடிப்படையில..."

"கருணையெல்லாம் கிடையாது மாமா."

ஆட்டோக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார். அந்தச் சிரிப்பை இதயம் தாங்குமோ என்று நான் அவருடைய நாடியைப் பிடித்துப் பார்த்தேன். (திருந்திவிட்டேன் என்று யார் சொன்னது?)

ஒரு வருடம் ஆகிவிட்டது. கடைத் தராசில் கால் கிலோ தக்காளி கொஞ்சம் கூடுதலாக நின்றால், "ஜெனி நிறுத்தியிருப்பா" என்கிறார் டேனியல். மிரியம் டிக்டேஷனில் பத்துக்கு எட்டு வாங்கி வந்தால், "சொந்த மார்க்கா, அம்மா மார்க்கா?" என்று விசாரணை நடக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை மிரியம் பொம்மை ஸ்டெதஸ்கோப்பை மாமாவின் நெஞ்சில் வைத்து, வெகுநேரம் கேட்டாள்.

"தாத்தா, முப்பத்தி நாலு."

"அய்யய்யோ, ஃபெயிலா டாக்டர்?"

அவள் அறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தாத்தாவின் காதருகே குனிந்து, சமையலறையில் இருந்த எனக்கே கேட்கும்படி கிசுகிசுத்தாள்.

"பயப்படாதீங்க. அம்மாவைக் கூட்டிட்டு வரேன்."