சாக்கடை ஜாடிக்குப் பொங்கல் லீவு

பொங்கலுக்குச் சொந்த ஊர் ஒக்கூருக்குப் போகணும். அதற்கு முன்னால் ஒரே ஒரு வேலை: ஜாடியை யாரிடமாவது ஒப்படைக்கணும்.

ஜாடிக்குள் இருந்தது சாக்கடைத் தண்ணீர். கழிவுநீரைச் சுத்தம் செய்யும் தொட்டியிலிருந்து நானே மூக்கைப் பிடித்துக்கொண்டு அள்ளி வந்தது. எழுபதுகளில் காரைக்குடியில் என் ஆராய்ச்சியே அதுதான்!

அதிலிருக்கும் பாக்டீரியாவுக்குச் சீனி மட்டும் கொடுத்து, வேறு சத்தைக் கண்ணில் காட்டாமல் வைத்தால், பெருக முடியாமல், சீனியைப் பிளாஸ்டிக் மணிகளாக்கி உடம்புக்குள் பதுக்கும். மண்ணில் மட்கிவிடும் பிளாஸ்டிக்.

பேராசிரியருக்கு நான் சாக்கடை அள்ளுவதே பிடிக்கவில்லை. "திங்கக்கிழமை மைக்ராஸ்கோப்புல மணி தெரியணும். இல்லேன்னா வேற தலைப்பு பாத்துக்கங்கம்மா" என்று சொல்லிப் பொங்கல் லீவுக்கு லேபைப் பூட்டிவிட்டார்.

நான் குடியிருந்த வீட்டுக்கார ஆச்சியிடம் போனேன்.

"ஆச்சி, காலையில ஒரு கரண்டி சீனி, சாயங்காலம் ஒரு கரண்டி. நல்லாக் கலக்கிவிடுங்க. வேற எதுவும் போட்டுறாதீக."

"உள்ள என்ன ஆத்தா இருக்கு?"

சாக்கடை என்றால் ஜாடி தெருவுக்குப் போய்விடும். "கண்ணுக்குத் தெரியாத உசுருக, ஆச்சி. கோடிக்கணக்குல" என்றேன்.

கவிதையாகச் சொன்னதாக நினைப்பு!

"உசுரா!" ஆச்சி ஜாடியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "வெறும் சீனியா?"

"அது போதும் ஆச்சி."

ஞாயிற்றுக்கிழமை திரும்பினேன். வாசலிலேயே நாற்றம் வரவேற்றது. முற்றத்தில் ஜாடி நுரைத்து வழிந்துகொண்டிருந்தது.

"வந்துட்டியா! பாரு, எம்புட்டுப் பெருத்திருச்சுகன்னு!"

"என்ன ஊத்துனீக ஆச்சி?"

"நீ சொன்ன சீனிதேன்."

"சீனி மட்டுமா?"

"மொத நாளு சீனி. மறுநா பொங்கலு. ஊரே வயிறு முட்டத் திங்கிது, நம்ம வீட்டு உசுருக்கு வெறும் சீனியான்னு ஒரு கரண்டி பருப்புத் தண்ணி ஊத்துனேன்."

"ஐயோ!"

"பருப்பு சேருதேன்னு பாலு. நேத்து கோழி ரசம். கொஞ்சூண்டுதேன் ஆத்தா, உறைப்பு ஒத்துக்கிருமோ என்னமோன்னு!"

திட்டத்தான் வாயைத் திறந்தேன். அத்தனை பெரிய வீட்டில் வருஷமெல்லாம் ஒற்றை இலை போட்டுச் சாப்பிடுகிறவர். மூன்று நாளாக அவர் பந்தியில் கோடிப் பேர்! துணியை எடுத்து முற்றத்து நுரையைத் துடைத்தேன்.

திங்கட்கிழமை பேராசிரியர் மைக்ராஸ்கோப்பில் வெகுநேரம் பார்த்தார்.

"திருவிழாக் கூட்டம் மாதிரிப் பெருகியிருக்கு. மணி ஒண்ணுகூட இல்லையே! என்னம்மா போட்டீங்க?"

"பருப்புத் தண்ணி சார். பாலு. அப்புறம்... கோழி ரசம்."

போச்சு, தலைப்பு போச்சு என்று நின்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பில் தோள் குலுங்கியது. "சத்துக் கெடைச்சா பிளாஸ்டிக் செய்யாதுன்னு இதைவிட நல்லா யாரு நிரூபிக்க முடியும்? எழுதி வைங்க. இன்னொரு ஜாடி எடுங்க. இந்தத் தடவை பட்டினி போடத் தெரிஞ்ச வீடாப் பாத்துக் குடுங்க."

தேடிப் பார்த்தேன். காரைக்குடியில் அப்படியொரு வீடு இல்லை.