எழும்பி நில்லுங்கோ, ஜூதிச்சே வாறார்!

இத்தாலியின் பலேர்மோவில் வழக்கில் வென்ற தமிழர்கள் எல்லாரும் அப்பீல் அண்ணையால் வென்றவர்கள். தோற்ற தமிழர்கள் எல்லாரும் அப்பீல் அண்ணையால் தோற்றவர்கள். வழக்கே இல்லாதவர்கள் இன்னும் அவர் கண்ணில் படாதவர்கள்.

அவருடைய சொந்தப் பெயரை மனைவியிடம் கேட்டாலும் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சொல்வார். காலையில் மாடிக் கட்டடங்களில் படி கழுவுவது அண்ணையின் தொழில். படி காய்வதற்குள் சட்டையை மாற்றிக்கொண்டு சின்னக் கோட்டுக்கு, அதாவது சில்லறை வழக்குகள் கேட்கும் நீதிமன்றத்துக்கு, போய்விடுவார். கொலை, கொள்ளை பார்க்கிற பெரிய கோடு வேறு. இது ஒருவழிப் பாதையில் எதிரே வந்தவனுக்கும், மேல்வீட்டுக்காரியின் ஈரத்துணி தன் தலையில் சொட்டுகிறது என்று கொதிக்கிற கீழ்வீட்டுக்காரனுக்கும் ஆனது. அண்ணைக்கு அங்கே ஒரு வழக்கும் கிடையாது. வாகனமும் கிடையாது. பத்தென்தே, அதாவது ஓட்டுநர் அனுமதி, மட்டும் எடுத்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். அவர் ஓட்டி யாரும் கண்டதில்லை.

ஒரு ஞானஸ்நான விருந்தில், ஆட்டிறைச்சிக் கறியில் உப்புக் கூடிவிட்டது என்று அவர் காதில் முணுமுணுத்துவிட்டேன்.

"விடாதை தம்பி. சமைச்ச ஆளை விசாரிக்காமல் முடிவெடுக்கேலாது" என்று எழும்பிக் குசினிக்குள் போய்விட்டார். சமைத்தவர் என் மாமனார். அந்த வழக்கு எங்கள் வீட்டில் இன்னும் நிலுவையில் இருக்கிறது.

சின்னக் கோட்டைப் பார்க்காதவர்களுக்குச் சொல்லவேண்டும். ஒரு நீளமான நடை. கதவில் அன்றைய வழக்குகளின் பெயர்களை ஒட்டியிருப்பார்கள். அதன்முன் சந்தையில் மீன் வந்ததுபோலத் தள்ளுமுள்ளு. சட்டத்தரணிகள் யன்னல் விளிம்பை மேசையாக்கி எழுதுவார்கள். எங்கள் நீண்ட பெயர்களைக் கூப்பிட வந்த எழுத்தர் பாதி தூரம் போய் மூச்சு வாங்கி, "அந்தத் தமிழர்!" என்று முடித்துவிடுவார். உடனே நாலைந்து பேர் உள்ளே போவார்கள். இத்தனைக்கும் நடுவே ஒரு மனிதர் கையில் ஹெல்மெட்டும் வாயில் பிஸ்கோத்துமாக இடித்துக்கொண்டு நுழைவார். அவர்தான் ஜூதிச்சே. நீதிபதி.

ஒருவரும் அவரைத் திரும்பிப் பார்ப்பதில்லை. பின்வரிசை வாங்கில் ஒரு ஆள் மட்டும் துள்ளி எழும்புவார். கையைத் தொடையோடு ஒட்டி, தலையைக் குனிந்து நிற்பார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி அதட்டுவார்: "எழும்பி நில்லுங்கோ, ஜூதிச்சே வாறார்!"

முதல் நாள் நீதிபதி பயந்துபோய், தன் பின்னால் யார் வருகிறார் என்று திரும்பிப் பார்த்தாராம். போகப்போகப் பழகிவிட்டது. தமிழர்கள் எழும்பினார்கள். தமிழர்கள் எழும்புவதைப் பார்த்து ஆபிரிக்கர்கள் எழும்பினார்கள். சிசிலிக்காரச் சட்டத்தரணி ஒருவரும் வெட்கப்பட்டு எழும்பினார். நீதிபதி பிஸ்கோத்தை வெளியே தின்று முடித்துவிட்டு வரத் தொடங்கினார்.

"என்னண்ணை உங்களுக்கு இந்தக் கோட்டிலை அப்பிடி ஒரு காதல்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஊரிலை அப்புவின்ரை வேலி வழக்கு, நான் பிறக்க முன்னம் துவங்கினது. அப்பு சாகேக்கையும் தவணைதான். பிறகு குண்டு விழுந்து கோடும் இல்லை, வேலியும் இல்லை. இஞ்சை பார், பேர் சொல்லிக் கூப்பிடுறான், என்ன நடந்ததெண்டு கேக்கிறான், காலமையே முடிவு சொல்லுறான். எழும்பி நிண்டால் என்ன, காலிலை விழுந்தாலும் தகும்."

இனி என் வழக்கு.

போர்கோ வெக்கியோ சந்தையில் மரக்கறிக் கடை வைத்திருக்கும் பத்ரோனேயிடம், அதாவது முதலாளியிடம், எனக்கு வேலை. உணவகங்களுக்கு மரக்கறி கொண்டுபோய்க் கொடுப்பேன். அவர் புது வான் வாங்கினார். அல்பெர்கேரியாவில் எங்கள் வீட்டுச் சந்தில் அதை நிறுத்தி, பாதரைக் கூப்பிட்டுத் தீர்த்தம் தெளிப்பித்தோம். பாதர் முனை திரும்பியதும் என் மனைவி மடிக்குள்ளிருந்து தேசிக்காய்களை எடுத்தாள்.

"இஞ்சேருங்கோ, வானைக் கிழக்கை பாக்க விடுங்கோ."

"ஏனடி, இப்பத்தானே பாதர் தெளிச்சவர்?"

"அது சாமிக்கு. இது கண்ணூறுக்கு."

சந்து மேற்குநோக்கிப் போகும் ஒருவழி. வானைத் திருப்பி, சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்து, அவை நசியும்படி வானை வளைவுவரை முன்னுக்கு ஓட்டினேன். வளைவில் நகரசபைப் பொலிஸ்காரர் நின்றிருந்தார். வளைவில் எதிர்த்திசையில் ஓட்டிய குற்றம் என்று எழுதிக்கொண்டார். என் பத்தென்தேயை மூன்று மாதத்துக்கு நிறுத்தினார்கள்.

"ஓட்ட ஆளில்லாவிட்டால் மருமகனை வைத்துக்கொள்வேன். வைத்தபிறகு அவனை நிறுத்த என் மகள் விடமாட்டாள்" என்றார் பத்ரோனே. எனக்கு நித்திரை போய்விட்டது. அப்பீல் அண்ணைக்கோ பெருநாள் வந்தமாதிரி. அன்றே அப்பீல் எழுதிப் போட்டு, தீர்ப்பு வரும்வரை நான் ஓட்ட அனுமதியும் வாங்கிவிட்டார்.

"நீ வாயே திறக்காதை. உன்ரை இத்தாலியன் தக்காளி விக்கத்தான் காணும். மொழிபெயர்க்க நான் வாறன்."

தவணையன்று நகரசபை சார்பில் ஒருவரும் வரவில்லை. எல்லாரும் எழும்பி இருந்தபின், நீதிபதி பொலிஸ் அறிக்கையை வாசித்துப் புருவத்தை உயர்த்தினார்.

"இந்தச் சந்தில் வாகனங்கள் கிழக்குநோக்கித்தானே போகவேண்டும்? பிறகு எப்படி எதிர்த்திசை?"

பொலிஸ்காரர் அடுத்த சந்தின் பெயரை எழுதிவிட்டார்! என் தக்காளி இத்தாலியனுக்கே அது விளங்கியது. நீதிபதி பேனையைத் திறந்தார். பக்கத்திலிருந்த சட்டத்தரணி எனக்குக் கண்ணடித்தார். மாதாவே என்று நான் மூச்சு விட்டபோது அப்பீல் அண்ணை எழும்பினார்.

"மன்னிக்கவேண்டும், சிஞ்ஞோர் ஜூதிச்சே. சந்தின் பெயர் பிழை. இது நடந்தது பக்கத்துச் சந்தில். வளைவுள்ள சந்தில்."

நான் அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தேன். "அண்ணை, இருங்கோ! ஐயோ, இருங்கோ!"

"எப்பிடியடா இருக்கிறது? கோட்டிலை பிழையாப் பதிஞ்சால் பிறகு ஆர் திருத்துறது?"

அதோடு விட்டாரா? எங்கள் சனம் ஏன் கிழக்கே பார்க்கும் என்று சூரியனிலிருந்து தொடங்கினார். பையிலிருந்து தேசிக்காய் ஒன்றை எடுத்து நீதிபதியின் மேசையில் வைத்தார். கண்ணூறு என்றால் என்னவென்று விளக்க, நீதிபதியின் சாவிக்கொத்தில் கண் படாமலிருக்கத் தொங்கிய சிவப்புக் கொம்பையே காட்டி, "உங்களுடைய இதுதான், எங்களுடைய அது" என்றார். நீதிபதி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். துடைத்து முடித்து என்னைப் பார்த்தபோது அந்த முகத்தில் அனுதாபம் இருந்தது. இவ்வளவையும் கேட்டபிறகு தன்னால் விடுவிக்க முடியாது என்றார். உண்மையைச் சொன்னதற்காக மூன்று மாதத்தை ஒரு மாதமாகக் குறைத்தார்.

"வெண்டிட்டம் தம்பி! மூண்டு ஒண்டாப் போச்சு!" என்று அண்ணை என் கையைக் குலுக்கினார்.

வாசற்படியில் எனக்கு வந்த ஆத்திரத்தில், "உங்களாலை என்ரை வேலை போச்சண்ணை" என்று கத்திவிட்டேன். அப்பீல் அண்ணை தன் சட்டைப்பையைத் தடவிப் பார்த்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

மறுநாள் விடிய, பத்ரோனேயிடம் சாவியைக் கொடுக்கச் சந்தைக்குப் போனேன். வானுக்குப் பக்கத்தில், கோட்டுக்குப் போடும் அதே சட்டையில் அண்ணை நின்றார். கையில் மடிப்புக் கலையாத பத்தென்தே.

"ஏறு தம்பி. நீ வழி சொல்லு, நான் ஓடுறன்."

அது ஓட்டமல்ல, சுற்றுப்பிரகாரம். ஆளில்லாத சந்தியிலும் நின்று இரு பக்கமும் பார்த்து, வராத வாகனத்துக்கு வழிவிட்டுத்தான் நகர்வார். பலேர்மோவின் ஹோர்ன் முழுவதும் எங்கள் முதுகில் அடித்தது. கீரை வாடிப் போய்ச் சேர்ந்தது. பத்ரோனே தலையில் கைவைத்தார். ஆனால் மருமகனைக் கூப்பிடவில்லை. அந்த மாதம் முழுவதும் அண்ணை பின்னேரத்தில் படி கழுவினார். கோட்டுப் பக்கமே போகவில்லை. நீதிபதி உள்ளே வந்ததும் பின்வாங்கை ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் கதிரையில் இருக்கிறார் என்று, எனக்குக் கண்ணடித்த அந்தச் சட்டத்தரணி சொன்னார். அதை அண்ணையிடம் சொன்னேன். சிவப்பு விளக்கில் கண்ணை எடுக்காமல், "உண்மையே?" என்று கேட்டார். விளக்கு பச்சையாகியும் வான் கனநேரம் நகரவில்லை.

இப்போது அவர் லண்டனில், மகளோடு. வாட்ஸ்அப்பில் கூப்பிட்டால் என் சுகம் கேட்பதற்கு முன் கேட்பார்: "தம்பி, கோட்டிலை ஆரும் எழும்புகினமே?"

"ஓம் அண்ணை, எழும்புகினம்."

அந்த மனிதருக்குப் பொய் சொல்ல என்னால் முடியாது. அதனால் வேலையில்லாத காலைகளில், ஒரு வழக்கும் இல்லாமல், கோட்டுக்குப் போய்ப் பின்வாங்கில் இருக்கிறேன். ஹெல்மெட் உள்ளே வரும். நான் எழும்பி நிற்பேன்.