ஏழு இழைத் திரியர்

எங்கள் பக்கத்தில் காணி எல்லைக்காகச் சண்டை பிடித்தவர்கள் உண்டு. வாய்க்கால் தண்ணீருக்காக மண்டை உடைந்தவர்களும் உண்டு. ஆனால் ஒரு துண்டு நூலுக்காக முரசுமோட்டை ஊர் முழுவதையும் பகைத்துக்கொண்ட மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவரை நாங்கள் திரியர் என்போம். பெற்றோர் வைத்த பெயர் அரிசிக் கூப்பன் மட்டையில் இருந்தது. கூட்டுறவுச் சங்கக்கடையில் கிளாக்கராக இருந்த எனக்கே அது மறந்துபோயிற்று.

அவர் உழவு மெசின் மெக்கானிக். யுத்தம் நடந்த தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எங்கள் பக்கத்துக்குச் சாமான் போக அரசாங்கம் தடை போட்டிருந்தது. டீசல் வராது, பற்றரி வராது, மெழுகுதிரியும் வராது. மண்ணெண்ணெய் மருந்துபோல் சொட்டுச் சொட்டாக வரும். மெழுகுதிரியை வைத்துக்கொண்டு நாங்கள் எந்த இராச்சியத்தைப் பிடிப்போம் என்று பயந்தார்களோ, தடைப் பட்டியல் போட்டவர்களைத்தான் கேட்க வேண்டும். மெசின்களின் மேல் கோழி அடைந்துகொண்டிருந்தது. வேலையில்லாத மெக்கானிக்கின் மூளை திரியில் போய் விழுந்தது.

அதற்குக் காரணம் இருந்தது. அவருடைய மனைவிக்கு, நாங்கள் அக்கா என்று கூப்பிடுகிறவருக்கு, மூச்சு முட்டு வருத்தம். ஊரெல்லாம் ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு விளக்கெரித்தோம். அந்தப் புகை மூக்கில் ஏறினால் அக்காவுக்கு விடியும்வரை மூச்சு இழுக்கும். இருட்டில் கிடக்கவும் அவரால் முடியாது. மண்வீட்டுக்குள் ஒருமுறை புடையன் பாம்பு வந்து பாய்க்குப் பக்கத்தில் சுருண்டு கிடந்ததைக் கண்டவர். ஆகவே புகையாத வெளிச்சம் ஒன்று வேண்டும். அது கிடைக்காவிட்டால் மனைவி மிஞ்சமாட்டார் என்று திரியர் பயந்தார்.

காட்டில் தேன் எடுப்பவர்களிடம் மெழுகு கேட்டு வாங்கினார். தேவாலயத்தில் எரிந்து மிஞ்சிய கட்டைத் திரிகளையும் சேர்த்து உருக்கிப் பால்பேணி, டின்மீன் பேணி என்று வெறும் தகரப் பேணிகளில் ஊற்றினார். இதுவரை எவரும் செய்யக்கூடியதுதான். விசர் அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

"பேணியின்ரை வாயைப் பார்த்துத்தான் திரி போடவேணும், கிளாக்கர். உருகின மெழுகு விளிம்பைத் தொடவேணும். நடுவிலை மட்டும் குழி விழுந்தால் திரி சின்னன், அதுக்குள்ளையே தாண்டு சுடர் நூந்துபோகும். விளிம்புவரை கொதிச்சுப் புகைச்சால் திரி பெரிசு."

"அப்ப எவ்வளவு போடவேணும், அண்ணை?"

"பால்பேணிக்கு ஏழு இழை. டின்மீன் பேணிக்குப் பத்து."

"எட்டுப் போட்டால் என்ன, வானம் இடிஞ்சு விழுமோ?"

"என்ரை வீட்டிலை ஒராள் விழும்," என்றார்.

அதன்பிறகு நான் பகிடி விடவில்லை. அன்றைக்கு மட்டும்.

பரிசோதனைக்கென்று அவரிடம் ஒரு வெள்ளைச் சோசர் இருந்தது. அதன் கோப்பை எந்தக் காலத்திலோ உடைந்துவிட்டது. சுடருக்கு மேலே சோசரைப் பிடித்து, இருபது எண்ணி, திருப்பிப் பார்ப்பார். கரி பிடிக்காவிட்டால் திரி சரி. இதைத் தன் வீட்டோடு வைத்திருந்தால் ஊர் பொறுத்திருக்கும். அயல் வீட்டுப் புகையும் காற்றோடு தன் வீட்டுக்குத்தான் வருகிறது என்பது அவர் வாதம். பொழுதுபட்டால் சோசரைச் சாரத்தில் செருகிக்கொண்டு சைக்கிளில் வீடு வீடாகக் கிளம்பிவிடுவார்.

பெரிய வாத்தியார் ஒருநாள் தன் விளக்கின் பெருமையை எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் வசனத்தை முடிக்க முதலே விளக்குக்கு மேலே சோசர் போய்விட்டது.

"சேர், இந்த ஒழுங்கையிலையே உங்கடை வீட்டிலைதான் கரி கூட."

"வெளியிலை போம் காணும்!"

"போறன். திரியிலை பாதியைக் குறையுங்கோ. நானே உருவிவிட்டுட்டுப் போகட்டே?"

நூலுக்கு ஊரில் பஞ்சம். அதிலும் அவருக்கு அசல் பருத்தி வேண்டும். கலப்பு நூல் உருகிக் கருகும் என்பார். அதனால் யாரைக் கண்டாலும் முகத்தைப் பார்க்கமாட்டார், உடுப்பைப் பார்ப்பார். ஒரு கலியாண வீட்டில் மணவறைக்குப் பின்னால் குந்தியிருந்தவரைப் பெண்ணின் மாமன்காரன் கையும் களவுமாகப் பிடித்தார். மாப்பிள்ளையின் வேட்டித் தலைப்பு திரியரின் கையில் இருந்தது.

"என்ன செய்யிறீர் இஞ்சை?"

"சத்தம் போடாதையுங்கோ, தாலி கட்டப்போகினம். அசல் பருத்தி. பதினாலு இழை எடுத்திட்டன், ரெண்டு பால்பேணிக்குக் காணும்."

மாப்பிள்ளை எழும்பி அம்மி மிதிக்கப் போனபோது வேட்டியின் ஒரு பக்கம் கிழிந்த தோரணம்போல் தொங்கியது. அதற்குப் பிறகு ஒருவரும் அவரைக் கலியாணத்துக்குக் கூப்பிடவில்லை. செத்தவீட்டுக்கு அழைப்புத் தேவையில்லை என்பதால் அங்கே மட்டும் வருவார்.

இந்த நிலையில் சங்க வேலையாகத் தடைக்கு அப்பாலுள்ள வவுனியாவுக்குப் போக எனக்குப் பாஸ் கிடைத்தது. ஊரே ஒரு பட்டியல் தந்தது. திரியர் கேட்டது இரண்டுதான்.

"பருத்தி நூல் ஒரு கட்டை. அக்காவுக்கு ஒரு பம்."

பம் என்றால் வாயில் வைத்து அமுக்கி மூச்சோடு இழுக்கிற மருந்து. எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரியில் அது முடிந்து மாதங்கள் ஆகியிருந்தன. டொக்டர் எழுதிய துண்டையும் என் கையில் தந்துவிட்டார். வவுனியாவில் இரண்டையும் வாங்கினேன்.

திரும்பி வரும்போது சோதனைச் சாவடியில் பையை மேசையில் கொட்டினார்கள். அங்கே நின்ற ஆமிக்காரன் நூல்கட்டையை எடுத்து ஒரு முழம் இழுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தான். பம்மைக் குலுக்கினான். காற்றில் ஒருதரம் அடித்து மணந்து பார்த்தான். பிறகு பக்கத்திலிருந்த பெட்டிக்குள் போட்டான். டொக்டரின் துண்டு என் காற்சட்டைப் பைக்குள் இருந்தது. எடுத்து நீட்டியிருக்கலாம். "சேர், நோயாளி" என்று இரண்டு சொல்லாவது சொல்லியிருக்கலாம். அவன் தோளில் தொங்கிய துவக்கைத்தான் பார்த்தேன். பையைக் கட்டிக்கொண்டு நடந்துவிட்டேன். சங்கக்கடையில் அரிசிக்கு வரிசையில் நிற்கும் கிழவிகளிடம் சிங்கம்போல் கர்ச்சிக்கிற கிளாக்கர்தான் நான்.

திரியர் நூல்கட்டையை மணந்தார், நாக்கில் நனைத்துப் பார்த்தார், முகம் விரிந்தது.

"அசல் சாமான், கிளாக்கர். மற்றது?"

"கடையிலை இல்லை, அண்ணை. முடிஞ்சுதாம்."

"பறவாயில்லை. புகை இல்லாட்டி அவா சமாளிப்பா."

மார்கழி மழைக்கு அக்காவால் சமாளிக்க முடியவில்லை. மூன்று நாள் இழுத்தது, நாலாம் நாள் நின்றுவிட்டது. அந்த வீட்டுச் சோசரில் கடைசிவரை கரி பிடிக்கவில்லை. புகையைத் திரியர் வென்றுவிட்டார். மருந்து என் பையிலிருந்து ஒரு பெட்டிக்குள் போனது, அதை வெல்ல அவரிடம் திரி இல்லை.

செத்தவீட்டில் தலைமாட்டுக் குத்துவிளக்குக்கு யாரோ பழந்துணியைத் தடிப்பாகத் திரித்துப் போட்டிருந்தார்கள். அது கரியாய்ப் புகைந்தது. சுவரோடு சாய்ந்து, அழாமல் இருந்த திரியர் திடீரென்று எழும்பி வந்து அந்த விளக்கை ஊதி நூர்த்துவிட்டார். பெண்கள் குழறி அழுதார்கள். பெரிய வாத்தியார் முன்னால் பாய்ந்தார்.

"என்ன காணும் செய்யிறீர்? தலைமாட்டு விளக்கை நூர்க்கக்கூடாது!"

"அவவுக்குப் புகை ஒத்துக்கொள்ளாது, சேர்."

மடியிலிருந்து நூல்கட்டையை எடுத்தார். ஏழு இழை எண்ணித் தொடையில் வைத்துத் திரித்தார். எண்ணெயில் நனைத்து ஏற்றினார். சோசரைப் பிடித்து வாய்விட்டு இருபது எண்ணினார். சோசரைத் திருப்பி வாத்தியாருக்குக் காட்டினார். வெள்ளை வெளேரென்று இருந்தது. வாத்தியார் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு தலை குனிந்தார்.

பிறகு திரியர் என்னைத் தேடிப் பிடித்தார்.

"பாருங்கோ கிளாக்கர், நீங்கள் கொண்டுவந்த நூல்."

நான் வெளியே போய் மழையில் நின்றேன். நனைந்தால் அழுவது தெரியாது என்ற கெட்டித்தனம் எனக்கு எப்போதும் உண்டு.

பிறகு சண்டைக்குப் பயந்து ஊரே இடம்பெயர்ந்தபோது அவர் எந்தப் பக்கம் போனார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. சைக்கிள் ஹாண்டிலில் ஒரு பழந்துணிப் பொட்டலத்தோடு போனதைக் கண்டதாக ஒருவர் சொன்னார். அது சோசராகத்தான் இருக்க வேண்டும்.

இப்போது வவுனியாவில் இருக்கிறேன். கரண்ட் போனால் மனைவி கடை மெழுகுதிரி ஒன்றைக் கொளுத்தி வைப்பாள். நான் குசினிக்குள் போய்ச் சோசர் எடுத்துவந்து சுடருக்கு மேலே பிடித்து இருபது எண்ணுவேன். இந்தாளுக்கு விசர் என்று அவள் பிள்ளைகளிடம் சொல்வாள். பிடித்த கரியை விரலால் துடைத்தபடி, யாருக்கும் கேட்காமல், ஒவ்வொரு தரமும் ஒன்றைச் சொல்லிக்கொள்கிறேன்: "அண்ணை, கடையிலை பம் இருந்தது."