நாற்பத்தொரு பட்டன்களும் பதினொரு வரிகளும்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுவது. இங்கே வீட்டில் எல்லோரும் சௌக்கியம், என்னைச் சேர்க்காமல் சொல்கிறேன். உன் மூட்டு வலியும் அத்தானின் இருமலும் குறைந்திருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டு மேலே எழுதுகிறேன், ஏனென்றால் எனக்கு அவசரம். இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்காதே. போனில் சொன்னால் நீ நடுவில் சிரிப்பாய். கடிதம் என்றால் நீ சிரிப்பது எனக்குக் கேட்காது.

விஷயம் இதுதான்: எனக்கு வயிறு எரிகிறது. மருந்து குடித்தால் அடங்குகிற எரிச்சல் இல்லை. எங்கள் பிரிவுக்கு ஓர் அம்மா வந்திருக்கிறார். மரியாதையாக 'அவர்' என்றுதான் எழுதுகிறேன், ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதுகிறேன் என்பது உனக்குத் தெரிந்தால் போதும்.

என் வேலை என்னவென்று நீ பல தடவை கேட்டிருக்கிறாய், நானும் 'கம்ப்யூட்டர் வேலை' என்று கெத்தாகச் சொல்லி முடித்திருக்கிறேன். இப்போது முழுசாகச் சொல்கிறேன். ஆஸ்பத்திரியின் துணிப் பிரிவில் துவைத்து மடித்த பெட்ஷீட், தலையணை உறை, துண்டு எல்லாம் டிராலியில் ஏறும். எங்கள் திரையில் வார்டுக்கு ஒரு பட்டன் இருக்கும். எந்த வார்டின் பட்டனை அழுத்துகிறோமோ அந்த வார்டின் பெயர், மாடி, எந்த லிஃப்ட் எல்லாம் ஒரு சீட்டில் அச்சாகி வரும். சீட்டை டிராலியில் ஒட்டினால் ஆட்கள் தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். அந்தத் திரையைச் செய்தவன் நான். நாற்பத்தொரு வார்டு, நாற்பத்தொரு பட்டன், பதினொரு வருஷமாக ஒவ்வொன்றாகக் கையால் வைத்தது. ஒரு பட்டனுக்கு ஸ்கிரிப்ட்டில், அதாவது கம்ப்யூட்டருக்கு எழுதுகிற கட்டளையில், ஆறு வரி: பெயர், அகலம், உயரம், இடப்பக்கத்திலிருந்து எவ்வளவு தள்ளி, மேலேயிருந்து எவ்வளவு கீழே, அழுத்தினால் என்ன செய்ய வேண்டும். மொத்தம் இருநூற்று நாற்பத்தாறு வரி. நடுவில் ஒரு பட்டன் புதிதாக வந்தால் கீழே இருப்பது எல்லாவற்றையும் தள்ளி வைக்க வேண்டும். பிரசவ வார்டை இரண்டாகப் பிரித்த வருஷம் இருபத்தாறு பட்டன்களை ஒவ்வொன்றாக நகர்த்தினேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை அதிலேயே போயிற்று. உன் வீட்டு விசேஷத்துக்குக்கூட நான் வரவில்லை, ஞாபகமிருக்கும். பட்டன் நகர்த்திக்கொண்டிருந்தேன்.

ஆனால் அதற்கான மரியாதை இருந்தது, அக்கா. ஆஸ்பத்திரி முழுக்க என்னைப் 'பட்டன் சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். வார்டு சிஸ்டர்கள் மாடி இறங்கி வந்து, "பட்டன் சார், எங்களுக்கு ஒரு பட்டன் வெச்சுக் குடுங்களேன்" என்று நிற்பார்கள். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, கூரையைப் பார்த்து, "பாக்கலாம்" என்பேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதில் இருக்கிற சுகம் உனக்குத் தெரியாது. நீ கேட்டவர்களுக்கெல்லாம் உடனே செய்துகொடுத்துவிடுகிற ஆள்.

இரண்டு மாதம் முன்பு சமையல் கிடங்கிலிருந்து இந்த அம்மாவை எங்களிடம் மாற்றினார்கள். சின்னப் பெண்ணாக இருந்தாலாவது 'காலம் மாறிப்போச்சு' என்று காலத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். படித்ததும் கணக்குதான், கம்ப்யூட்டர் இல்லை. "எங்க கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டதற்கு, "பஸ்ஸில வர்றப்ப போன்ல பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டேன் சார். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம் சும்மாதானே உக்காந்திருக்கோம்?" என்றார். நானும் அதே பஸ்ஸில்தான் வருகிறேன். நான் தூங்குகிறேன்.

கண் வார்டு சிஸ்டர் தங்கள் புதுக் கட்டடத்துக்கு ஒரு பட்டன் கேட்டு ஒன்பது நாள் வந்து போனார். ஒன்பது நாளும் நான் "பாக்கலாம்" சொன்னேன். பத்தாவது நாள் இந்த அம்மா மெதுவாக, "சார், கோவிச்சுக்க மாட்டீங்கன்னா ஒண்ணு காட்டட்டுமா?" என்றார். கோபமா, எனக்கா, காட்டுங்கள் என்றேன். சாதாரண ஒரு ஃபைலைத் திறந்தார். அதில் வார்டுகளின் பெயர் ஒன்றன்கீழ் ஒன்றாக, கடைக்குப் போகும்போது எழுதுகிற சாமான் லிஸ்ட் மாதிரி இருந்தது. பக்கத்தில் ஒரு குட்டி ஸ்கிரிப்ட், எண்ணிப் பார்த்தேன், பதினொரு வரி. அது அந்த லிஸ்ட்டை மேலிருந்து கீழே படிக்கும், ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பட்டன் செய்யும், அதை அதன் வரிசையில் வைக்கும், அவ்வளவுதான். அவர் லிஸ்ட்டின் அடியில் 'கண் வார்டு, புதுக் கட்டடம்' என்று எழுதிச் சேமித்து, திரையை மறுபடி திறந்தார். நாற்பத்திரண்டாவது பட்டன் தானே வந்து தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. யாரையும் நகரச் சொல்லவில்லை, யாரும் இடிபடவும் இல்லை. கண் வார்டு சிஸ்டர் கையைத் தட்டி, "அடேயப்பா! இனிமே நீங்கதான் எங்களுக்குப் பட்டன் மேடம்!" என்றார்.

அக்கா, அந்த வார்த்தை என் நெஞ்சில் நேராக இறங்கியது. அன்று தலைவலி என்று சொல்லி அரை நாள் லீவு போட்டு வீட்டுக்கு வந்து, உன் தம்பி பெண்டாட்டியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் காய் நறுக்கிக்கொண்டே, "அப்ப இனிமே ஞாயித்துக்கிழமை வீட்டுல இருப்பீங்கல்ல? அந்தம்மா நல்லா இருக்கட்டும்" என்றாள். இதுதான் எனக்கு வீட்டில் கிடைக்கிற ஆறுதல்.

அதற்குப் பிறகு யாரும் என்னிடம் வருவதில்லை. அந்த அம்மாவிடமும் நிற்பதில்லை என்பதுதான் கொடுமை. "நீங்களே லிஸ்ட்ல எழுதிக்குங்க, பட்டன் வந்துடும்" என்று அவர் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டார். இயக்குநரின் உதவியாளர்கூட ஒரு நாள் வந்து, துண்டும் திரைச்சீலையும் அனுப்புவதற்காக 'இயக்குநர் அறை, ஐந்தாம் மாடி' என்று லிஸ்ட்டின் கடைசியில் தானே எழுதிவிட்டுப் போனார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த அம்மா என் நாற்காலியைப் பிடித்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவர் அந்த நாற்காலியே வேண்டாம் என்று ஆக்கிவிட்டார். யாரோடு சண்டை போடுவது?

இப்போது வியாழக்கிழமைக்கு வருகிறேன். "சார், நீங்க ஒரு தடவை படிச்சுப் பாருங்க, தப்பு இருந்தா சொல்லுங்க" என்று அந்த அம்மாவே என்னிடம் சொல்லியிருந்தார். எல்லோரும் கிளம்பின பிறகு உட்கார்ந்து அந்தப் பதினொரு வரியையும் நாற்பது தடவை படித்தேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடியும் ஒரு தப்பு கிடைக்கவில்லை. கடைசியில் ஒன்று மாட்டியது! பட்டனை அழுத்தினால் என்ன செய்ய வேண்டும் என்கிற இடத்தில், 'பெயர் = பெயர்' என்று ஒரு துண்டு தனி வரியாக இருந்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பெயர் என்பது பெயர்தான் என்று யாராவது எழுதி வைப்பார்களா? வீட்டு வாசலில் 'இந்த வீடு இந்த வீடே' என்று பலகை மாட்டுகிற மாதிரி இல்லையா? அந்த வரியை வெட்டியெடுத்துவிட்டேன். பத்து வரி! திரையைத் திறந்தேன். நாற்பத்து மூன்று பட்டனும் பெயரோடு அழகாக வரிசையில் நின்றன. நின்றதைப் பார்த்தேனே தவிர, ஒன்றையாவது அழுத்திப் பார்க்கவில்லை. பதினொரு வருஷம் பட்டன் வைத்தவன் செய்கிற காரியமா அது? சேமித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் காலை டீ நேரத்தில் எல்லோர் முன்னாலும், "பத்து வரியில முடியுறதை ஏங்க பதினொண்ணா இழுக்குறீங்க?" என்று கேட்க வேண்டும் என்று திட்டம். அதைக் கண்ணாடி முன்னால் நின்று நாலு விதமாகச் சொல்லிப் பார்த்ததில் என் பஸ் போய்விட்டது.

நான் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. எந்தப் பட்டனை அழுத்தினாலும் 'இயக்குநர் அறை, ஐந்தாம் மாடி' என்றுதான் சீட்டு வந்திருக்கிறது. காலை அவசரத்தில் சீட்டை யார் படிக்கிறார்கள்? வந்ததை வந்தபடியே ஒட்டி அனுப்பிவிட்டார்கள். டிராலி தள்ளுகிறவர்களுக்குத் தலைவர் ஒருவர் இருக்கிறார், எதற்கும் அவசரப்படாதவர் என்பதால் அவருக்கு 'எக்ஸ்பிரஸ்' என்று பெயர். அவர் தலைமையில் பத்தொன்பது டிராலி ஐந்தாம் மாடி வராந்தாவில் வரிசையாக நின்றிருக்கிறது. இயக்குநர் உள்ளே வெளியூர்க்காரர்களோடு கூட்டத்தில் இருந்திருக்கிறார். அவர் அறைக் கதவு வெளிப்பக்கம் திறப்பது. தள்ளிப் பார்த்திருக்கிறார், நகரவில்லை.

"யாருய்யா அது வெளியில?"

"பெட்ஷீட் சார்" என்றாராம் எக்ஸ்பிரஸ்.

"பெட்ஷீட்டா? எவ்வளவு?"

"இப்போதைக்குப் பத்தொம்பது டிராலி சார். இன்னும் வருது."

"நான் என்ன பத்தொம்பது வார்டுலயா படுத்திருக்கேன்? திருப்பிக் கொண்டு போய்யா!"

"சீட்டுல உங்க ரூம்னுதான் சார் போட்டிருக்கு. நாங்க சீட்டு சொல்றதைத்தான் கேப்போம்."

கீழே நாற்பத்திரண்டு வார்டிலிருந்தும் போன். விரிப்பில்லாத கட்டிலுக்குப் பக்கத்தில் நோயாளிகள் நாற்காலியில் உட்கார்ந்து காத்திருக்கிறார்களாம். அந்த அம்மா முகம் வெளுத்துப்போய், ஒவ்வொரு பட்டனாக அழுத்தி ஒவ்வொரு சீட்டாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. 'பெயர் = பெயர்' என்றால், பட்டன் பிறக்கும்போதே உன் பெயரை நீ பிடித்து வைத்துக்கொள் என்று அதற்குச் சொல்வது. அதை நான் வெட்டிவிட்டேன். ஆகவே எந்தப் பட்டனுக்கும் தன் பெயர் நினைவில்லை. அழுத்தினால், 'கடைசியாக யார் பெயரைப் படித்தார்கள்?' என்று பார்த்து அதைச் சொல்கிறது. லிஸ்ட்டில் கடைசிப் பெயர் இயக்குநர். முகத்தில் பெயர் சரியாக இருக்கிறது, மனதில் மட்டும் எல்லாவற்றுக்கும் இயக்குநர்!

எங்கள் பிரிவு மேலாளர் மூச்சு வாங்க ஓடி வந்து, "யாரு எழுதினது இது?" என்றார். அந்த அம்மா, "நான்தான் சார்" என்றார். நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "திங்கக்கிழமை சாயங்காலம் எல்லாத்தையும் ஒப்படைச்சிட்டு நீங்க கிச்சன் ஸ்டோருக்கே போயிடுங்க. பட்டன் சார், உங்க பழைய திரையையே போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். உன்னிடம் மறைப்பானேன், அக்கா, எனக்குள் ஒரு துள்ளல் துள்ளியது. பழைய திரையைப் போட்டேன். என் நாற்பத்தொரு பிள்ளைகளும் அப்படியே இருந்தன. கண் வார்டு சிஸ்டர் இறங்கி வந்து, "பட்டன் சார், எங்க புதுக் கட்டடம் இதுல இல்லையே" என்றார். "பாக்கலாம்" என்றேன். ஆனால் அதில் ஒரு ருசியும் இல்லை, உப்புப் போடாமல் சாப்பிட்ட மாதிரி இருந்தது. சாயங்காலம் அந்த அம்மா என் மேசைக்கு வந்து, "சார், எங்க தப்புன்னு உங்களுக்காவது புரியுதா? நான் பாத்துப் பாத்துத்தானே எழுதினேன்?" என்று கேட்டார். அவர் கண் சிவந்திருந்தது. "தெரியலைங்க" என்றேன்.

இந்தக் கடிதமே அந்த 'தெரியலைங்க'வுக்காகத்தான். சனிக்கிழமை உட்கார்ந்து நன்றாக யோசித்து முடிவெடுத்துவிட்டேன்: வாயைத் திறக்கப் போவதில்லை. சமையல் கிடங்கு ஒன்றும் மோசமான இடம் இல்லை, ஜன்னல்கூட இருக்கிறது. எனக்கு இன்னும் ஆறு வருஷம்தான் வேலை. அதுவரை பட்டன் சாராகவே இருந்துவிட்டுப் போகிறேனே? நீ எனக்காக ஒன்றே ஒன்று செய். 'நீ செய்தது சரிதான்' என்று ஒரு வரி எழுதி அனுப்பு. என்னால் அதை எனக்கு நானே சொல்லிக்கொள்ள முடியவில்லை. சின்ன வயதிலிருந்து நீ சொன்னால்தான் எனக்கு எதுவும் சரி.

அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல், குழந்தைகளைக் கேட்டதாகச் சொல். நீ முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு, படியில் பார்த்து இறங்கி, நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அன்புத் தம்பி

பின்குறிப்பு (திங்கள் இரவுச் சாப்பாட்டுக்கு முன்): மேலே எழுதியது எதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளாதே. அந்த ஒரு வரியையும் எழுதி அனுப்பாதே. சாயங்காலம் இதைத் தபாலில் போடக் கிளம்பினவன், எப்படியென்று தெரியாமல் மேலாளர் அறைக்குள் போய் நின்றேன். அந்த அம்மா துணிப் பிரிவுச் சாவியை ஒப்படைத்துக்கொண்டிருந்தார், கண் வார்டு சிஸ்டரும் எக்ஸ்பிரஸும்கூட இருந்தார்கள். "நான்தான் வெட்டினேன். வியாழக்கிழமை. ஒரு வரி குறைச்சுக் காட்டணும்னு. வெள்ளிக்கிழமை நீங்க கேட்டப்ப சொல்ல வாய் வரலை" என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். இப்போது அந்த அம்மா என்னைப் பிலுபிலுவென்று பிடித்துக்கொள்ளப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ, "தப்பு என்னுதும்தான் சார். அந்த வரி எதுக்குன்னு பக்கத்துல ஒரு குறிப்பு எழுதியிருக்கணும். எழுதாம விட்டா, பாக்குறவங்க யாரா இருந்தாலும் வேண்டாததுன்னுதான் நினைப்பாங்க" என்றார். அவ்வளவுதான். சிஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மேலாளர், "மனசுன்னா இது மனசு!" என்று சாவியை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். எக்ஸ்பிரஸ் வேகமாக நடந்து நான் பார்த்ததே இல்லை, நாலு எட்டில் போய் அவருக்கு ஒரு நாற்காலி எடுத்துப் போட்டார். என்னை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

பார்த்தாயா, அக்கா? உண்மையைச் சொன்னவன் நான், பேர் வாங்கினவர் அவர்! பதினொரு வரி எழுதுவதை நான் எப்படியும் ஒரு மாதத்தில் கற்றுக்கொண்டுவிடுவேன். இவ்வளவு கெடுதல் செய்தவனைப் பார்த்து, எல்லோர் முன்னாலும் 'தப்பு என்னுதும்தான்' என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்குச் சத்தியமாக வராது. அதை நினைத்தால்தான் இப்போது பொறாமையாக இருக்கிறது.