ஒல்லி பேபி சீட்டில் மாட்டிக்கொண்ட விவரம்

அன்பும் கண்டிப்பும் ஒருசேர வாய்த்த மருமகளுக்கு, மாமனார் சுகமாக இருந்துகொண்டு, உன் சுகத்தையும் பிள்ளைகள் சுகத்தையும் கேட்டுச் சொல்லும் விவரம். நான் சொல்லச் சொல்ல எதிர்வீட்டுத் தபால்காரர் எழுதுகிறார். கையெழுத்து அவருடையது, கோபம் மட்டும் என்னுடையது.

ஆற்றுப் பாலம் திறந்த வருஷம்; எங்கள் கண்ணாடித் தொழிற்சாலைப் புகைபோக்கி இடி விழுந்து சாய்ந்ததும் அதே வருஷம்தான். அந்த மழையில் பிறந்தவன் உன் வீட்டுக்காரன். ஆஸ்பத்திரியிலிருந்து முதலாளியின் காரில் கொண்டுவந்தோம். ஓட்டியது என் கூட்டாளி ஒல்லி, பக்கத்தில் தொழிற்சாலை மேஸ்திரி, பின்னால் உன் மாமியார், அவள் அக்கா, நான். பிள்ளை மடிக்கு மடி மாறி வந்தான். மேஸ்திரிகூட முன்னாலிருந்து கை நீட்டி வாங்கிக் கொஞ்சினார். இதைத்தானே போனில் சொன்னேன்: "அன்னிக்கு பெல்ட்டா இருந்துச்சு? ஒண்ணும் ஆகலையே!" நீ விட்டாயா? "மாமா, அதுக்குப் பேரு பத்திரம் இல்ல, அதிர்ஷ்டம். பேபி சீட் இல்லாம என் பிள்ளைங்க உங்க கூட்டாளி கார்ல கால் வைக்காது. லீவுக்கு வராட்டி வராது." கொஞ்ச நாள் முறுக்கிக்கொண்டிருந்தேன். அப்புறம் வீடு ரொம்ப அமைதியாக இருந்ததால் கடைக்குப் போய்ப் பெரியவனுக்கு ஒன்று, சின்னவளுக்கு ஒன்று என்று சீட் வாங்கிவந்தேன்.

இனிமேல்தான் கூத்து. ஆயுசு முழுக்கக் கண்ணாடிச் சாமான் பெட்டி கட்டியவன் நான். ஆடினால் உடையும், ஆடாமல் அடைக்க வேண்டும் என்பதுதான் எனக்குத் தெரிந்த வித்தை. ஆகவே ஒல்லி காரில் சீட்டுகளை வைத்து, அதற்குள் மெத்தை, தலையணை, போர்வை எல்லாம் திணித்து, சணல் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டி, சோதனைக்கு ஒல்லியைப் பெரியவன் சீட்டில் உட்காரச் சொன்னேன். பெயர்தான் ஒல்லி, இப்போது தொப்பை அவனுக்கு முன்னால் நடக்கிறது. உட்கார்ந்தான், பூட்டினேன், அழுத்தித் திறக்கும் பொத்தான் போர்வைக்கடியில் எங்கேயோ போய்விட்டது. "டேய், மூச்சு முட்டுதுடா, அவிழ்த்து விடுடா" என்று அவன் கத்த, அடுத்த தெரு மெக்கானிக் ஓடிவந்து, "பெரியவரே, பிள்ளையை உட்கார வைக்கச் சொன்னா மூட்டை கட்டி வெச்சிருக்கீங்களே!" என்று சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்தார். வாருக்கும் நெஞ்சுக்கும் நடுவில் எதுவும் இருக்கக்கூடாதாம். சின்னவள் சீட் பின்பக்கம் பார்த்திருக்க வேண்டுமாம். "பின்னாடி பார்த்தா என்னய்யா வேடிக்கை தெரியும்?" என்றேன். "வேடிக்கைக்கு இல்ல, கழுத்துக்கு" என்றார். நம்பவில்லை. அரிசி மூட்டையை முறைப்படி வார் போட்டு உட்கார வைத்துப் புறப்பட்டோம். குறுக்கே நாய் வந்ததென்று ஒல்லி ஒரே மிதியாக மிதித்தான். மூட்டை அசையவில்லை. பெல்ட் போடாமல் பின்னால் இருந்த நான் முன்சீட்டில் முட்டியதில், நெற்றியில் இன்னொரு நெற்றி முளைத்தது. நீ சொன்னதுதான் சரி, தாயே.

ஆகவே தைரியமாக இரு. லீவு விட்டதும் நானும் ஒல்லியும் வந்து பிள்ளைகளைப் பூப்போல அழைத்து வருகிறோம். எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
வீங்கிய நெற்றியுடன் மாமனார்.

பின்குறிப்பு: மேலே சொன்னபடி நாங்கள் வரவில்லை. குறுக்கே வந்தது நாயே இல்லை, யாரோ வைத்த வாளி. கண் டாக்டர் ஒல்லியிடம் இனி வண்டி தொடாதே என்றுவிட்டார். அவனே சொல்கிறான்: "பிள்ளைங்க விஷயம்டா. நான் ஓட்ட மாட்டேன்." அதனால் நீயே உன் காரில் கூட்டிவா, நாங்கள் வாசலில் நிற்கிறோம். எங்கேயாவது போவதென்றால் நீ ஓட்டு, சீட்டுகளை மெக்கானிக் உன் காரில் மாட்டித் தருவார், நான் பெல்ட் போட்டுக்கொள்கிறேன். முன்சீட்டில் மட்டும் ஒல்லிக்கு இடம் கொடு. மேஸ்திரி போய்விட்டார், உன் மாமியார் போய்விட்டாள், அவள் அக்காவும் போன வருஷம் போனாள். உன் வீட்டுக்காரனைப் பத்திரமாக வீடு சேர்த்தவர்களில் என்னை விட்டால் மிச்சம் ஒல்லி ஒருத்தன்தான்.